கல்கரிக்குப் போன வெள்ளை வேட்டி

என் அத்தான் சச்சிதானந்தன் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். பஸ்ஸுக்குள் மட்டும்தான் அந்த மனிசன் ஒரு இடத்தில் இருப்பார், அதுவும் பெல்ட் போட்டிருப்பதால். மற்ற நேரமெல்லாம் நடை. சாப்பிடுவது நின்றுகொண்டு, போன் கதைப்பது நடந்துகொண்டு. ரூஜில் அவர்கள் வாங்கிய வீட்டு ஹோலில், ஜன்னலில் தொடங்கிக் குசினி வரை கார்ப்பெட்டில் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. வருகிற ஆட்கள் கண்டுவிடுவார்கள் என்று என் அக்கா கிளடிஸ் அதன்மேல் ஒரு பாயைப் போட்டாள். அத்தான் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாதை போட்டார்.

நான் அந்த வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறவன். வாடகையைப் பற்றிக் கேட்காதீர்கள். பேஸ்மென்டில் ஒரு வசதி உண்டு. மேலே இருந்து சூடு வருகிற குழாய் வழியே மேல்வீட்டுக் கதையும் வரும். கோடைகாலத்தில் சூடு வராது, கதை மட்டும் வரும்.

இது 2009இல் நடந்தது. சித்திரை முழுக்க ரொறன்ரோத் தமிழரில் பாதிப் பேர் கொடியோடு தெருவில் நின்றார்கள். வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்னார்கள். அத்தானுக்கு அது முடியவில்லை. அவருடைய ஒரே தங்கச்சி ஜெயமலர் வன்னியில் இருந்தாள். அவள் புருசன் கிளிநொச்சியில் இயக்கத்தின் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவன். பிள்ளைகள் இல்லை. மாசி மாதம் ஒருநாள் போன் எடுத்து, "அண்ணை, ஷெல் விழுகுது, வைக்கிறன்" என்று சொன்னவள்தான். அதன்பிறகு சத்தமில்லை. சனத்தையெல்லாம் வவுனியாவில் முகாமுக்குள் அடைத்துவிட்டார்கள் என்றார்கள். அதற்குள் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதுதான் அத்தானின் கால்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சும்மா இருக்கிற மனிசனா அவர்? இங்கே உள்ள தமிழ் வானொலி எல்லாவற்றிலும் அறிவித்தல் கொடுத்தார். எழுதி வாசிக்கக் கொடுக்காமல் தானே பேசினார். தங்கச்சியின் பெயர், ஊர், புருசனின் பெயர், புருசன் வேலை பார்த்த இடம் எல்லாம் விபரமாகச் சொல்லி, "கண்டவை தயவுசெய்து எடுங்கோ" என்று முடிப்பார். பஸ் ஓட்டுபவரின் குரல். பின்சீற்றுக்கும் கேட்கும்.

பள்ளிக்கூடம் விட்டு, பஸ்ஸும் நின்ற ஆடி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், குழாய் வழியே அவர் போனில் கதைப்பது கேட்டது.

"ஓம், சச்சிதானந்தன்தான். கல்கரியோ? ... ஓம் ஐயா, சொல்லுங்கோ ... நேரிலையோ? ... ஏன், போனிலை சொல்லேலாதோ? ... றேடியோவிலை சொல்லுறதை நிப்பாட்டவோ? ... ஓம். ... ஓம்."

பிறகு மேலே நடை நின்றுவிட்டது. அந்த வீட்டில் இருந்த இத்தனை காலத்தில் நான் பயந்தது அப்போதுதான்.

எங்கள் சனத்தில் சாவுச் செய்தியைப் போனில் நேராகச் சொல்கிற வழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 'கொஞ்சம் கடுமையா இருக்கு' என்றால் ரிக்கெற் போட வேண்டியது. 'நேரிலை வாங்கோ' என்றால் செத்தவீட்டுக்கு வேட்டியை மடித்து வைக்க வேண்டியது. அதோடு 'தேடுறதை நிப்பாட்டுங்கோ' என்றும் ஒருவர் சொன்னால் அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் அத்தான் அறிவித்தார்.

"நாங்கள் கேம்பிங் போறம். கனடாவைக் குறுக்காலை ஓடிப் பாப்பம். பான்ஃப் மட்டும்."

என் மருமகள் சுபாங்கிக்கு அப்போது பதினைந்து வயது. வாயிலிருந்த சீரியலை விழுங்காமலே கேட்டாள். "கேம்பிங்? அப்பா, யூ? பார்க்கிலை பார்பிக்யூவுக்குப் போனாலே நுளம்பு கடிக்குது எண்டு கார்க்குள்ளை இருப்பீங்கள்."

"பிளேனிலை போனா நாலு மணித்தியாலம்," என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"நாலு மணித்தியாலம் காணாது," என்றார் அத்தான். ஏதோ பாணுக்கு பட்டர் போதாது என்பதைப்போலத்தான் சொன்னார்.

எனக்கு வாய் துடித்தது. ஆனால் இந்தக் கதையைச் சொல்லி அக்காவின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. அவர்களின் வான் வண்டியில் ஒரு சீற் மிச்சம் இருந்தது. மாறி ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்று நானும் ஏறிவிட்டேன்.

கூடாரம் ஒன்றும், காற்றடிக்கிற மெத்தைகளும், அக்காவின் குசினியில் முக்கால்வாசியும் வானில் ஏறின. கோயில் வாசலில் நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அக்கா வேதக்காரி, அத்தான் சைவம். அதனால் எலுமிச்சம்பழம் நசிந்த கையோடு அக்கா முன்கண்ணாடியில் செபமாலையைத் தொங்கவிட்டாள். "ரெண்டு பக்கத்தாலையும் இன்ஷூரன்ஸ்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சட்பரி தாண்டும்வரை அத்தான் ஓட்டிய ஓட்டத்தை ஓட்டம் என்று சொல்ல முடியாது. போனை மடியில் வைத்திருப்பார். அது சும்மா மின்னினாலும் ஓரம்கட்டுவார். இறங்குவார், தெருவோரப் புல்லில் நடப்பார், ஏறுவார். கூடாரம் அடிக்கிற இடத்திலும் அப்படித்தான். ஆணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடக்கப் போய்விடுவார். அந்தக் கூடாரத்தை முழுதாக அடித்தவன் நான். அதனால்தான் அது ஒருபக்கம் சரிந்திருந்தது.

சுப்பீரியர் ஏரிக்கரைக்கு வந்ததும் போனில் சிக்னல் அறுந்தது. ஒரு கோடுகூட இல்லை. அத்தான் போனை மேலே பிடித்தார், கல்லில் ஏறிப் பிடித்தார், பிறகு அதை வானுக்குள் எறிந்துவிட்டு வந்து படுத்தார். வைகாசிக்குப் பிறகு அந்த மனிசன் முழுதாக நித்திரை கொண்டது அங்கேதான். ஒருவராலும் கூப்பிட முடியாத இடம். அவரின் குறட்டைக்குப் பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரன் இடம் மாறிப் போனான்.

பின்னேரம் பார்க்கைக் காவல் பார்க்கிற பெண் வந்து, சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் வெளியே இருக்கக்கூடாது, கரடி வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் வானில் ஏற்றினாள். சூடைக் கருவாடு பொரித்த தாச்சியை மட்டும், "உது சாப்பாடில்லை, தாச்சி" என்று மேசைக்குக் கீழே வைத்தாள். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் பையையும் அதற்குள்ளேயே வைத்திருந்தாள். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு ஒருவரும் கரடிக் காட்டில் கருவாடு பொரித்திருக்கமாட்டார்கள்.

விடியக் கண்ணைத் திறந்தால், மேசையடியில் எங்கள் பஸ்கார அத்தான் அளவில் ஒரு கறுத்தக் கரடி. தாச்சியை வழித்து நக்கிவிட்டுப் பையைக் கிழித்தது. மூக்கை விட்டது. பிறகு தும்மியது பாருங்கள், ஏரித் தண்ணீர் அசைந்திருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு குந்தியிருந்து திரும்பத் திரும்பத் தும்மியது.

"ஓ மை கோட், ஓ மை கோட்," என்று சுபாங்கி என் தோளைப் பிய்த்தாள்.

"சத்தம் போடாதை பிள்ளை," என்று அக்கா செபமாலையைத் தேடினாள். அது வானில்.

அப்போது அத்தான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு கூடாரத்தைவிட்டு வெளியே போனார். கையில் ஒன்றும் இல்லை. கரடிக்கு முன்னால் போய் நின்று கத்தினார்.

"என்னடா பாக்கிறாய்? வா! வந்து தின்! தின்னடா என்னை! நான் கல்கரிக்குப் போகத் தேவையில்லை, அந்தாளின்ரை வாயாலை அதைக் கேக்கத் தேவையில்லை! வாடா!"

கரடி அவரைப் பார்த்தது, இன்னொரு தும்மல் தும்மியது, எழும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. அவ்வளவு சத்தம் போடுகிற ஒன்றை அது அதற்குமுன் கண்டிருக்காது.

பிறகு சுபாங்கி கேட்டாள். "பான்ஃப் எண்டுதானே சொன்னீங்கள். கல்கரியிலை என்ன, அப்பா?"

"ஒண்டுமில்லை. சும்மா வாயிலை வந்தது."

காவல்காரப் பெண் வந்து எங்களுக்கு மரியாதையாக ஏசினாள். மிளகாய்த்தூளை மணந்து பார்த்து அவளும் தும்மினாள்.

அதன்பிறகு ஓட்டம் மாறியது. சிக்னல் வந்த பிறகும் அத்தான் போனைத் தொடவில்லை. கிழக்கே இருக்கும்வரை, இடையிடையே நின்றாலும், அடித்துப் பிடித்து ஓட்டியவர், வினிபெக் தாண்ட மெதுவாகிவிட்டார். தெருவோரத்தில் எந்தப் பெரிய பொம்மையைக் கண்டாலும் நிற்பாட்டுவார். வாத்துப் பொம்மை, காட்டெருமைப் பொம்மை, இன்னும் என்னவோ. ரெஜைனாவில் ஒருநாள் காரணமே இல்லாமல் நின்றோம். அந்தச் சமவெளியில் மறைக்க ஒரு மரமும் இல்லை. அவர் நடக்கப் போனால் ஒரு மணித்தியாலம் போயும் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருப்பார். அக்கா கூடாரத்தடியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கண்ணீர் வெங்காயத்தால்தான் என்று நானும் நம்பினேன்.

கல்கரிக்கு இன்னும் கொஞ்ச ஓட்டம்தான் என்கிற இடத்தில் அத்தான் வானை வேறு தெருவில் திருப்பினார்.

"டைனோசர் எலும்பு காட்டுற ஊர் ஒண்டு இருக்காம். பிள்ளைக்குப் படிப்புக்கு நல்லது."

"அப்பா, ஸ்ரொப்," என்றாள் சுபாங்கி.

"என்ன?"

"ஜஸ்ற் ஸ்ரொப் த வான்."

நிற்பாட்டினார்.

"வி ஆல் நோ, அப்பா. மலர் மாமி செத்திட்டா எண்டு சொல்லுறதுக்குத்தான் அந்த அங்கிள் கூப்பிட்டவர். எனக்குத் தெரியும், அம்மாக்குத் தெரியும், மாமாக்கு, போன் வந்த அண்டைக்கே தெரியும். எனக்கு எலும்பு பாக்க வேண்டாம். ப்ளீஸ், போவம்."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மச்சான், உனக்குத் தெரிஞ்சும் நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"சொல்ல வாய் வரேல்லை அத்தான்," என்றேன்.

"அதிசயம்தான்," என்றார். ஸ்ரியறிங்கில் தலையை வைத்து எடுத்தார். பிறகு வானைத் திருப்பினார்.

கல்கரிக்கு வெளியே ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் அக்கா நிற்பாட்டச் சொன்னாள். சட்டி பானைக்கெல்லாம் அடியிலிருந்து ஒரு பையை இழுத்து எடுத்தாள். அதற்குள் அவளின் வெள்ளைச் சேலை, சுபாங்கிக்கு ஒரு வெள்ளைச் சுரிதார், எனக்கு ஒரு வெள்ளைச் சேர்ட். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, தன் சீற்றுக்குக் கீழே கையை விட்டு, மடித்த வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்தார். இரண்டு பேரும் ஒரே வானில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ரொறன்ரோவிலிருந்து அதைக் கொண்டுவந்திருந்தார்கள்.

அரைக் களிசானும் புகை மணமுமாகக் கழிப்பறைக்குள் போன நான்கு பேரும் வெள்ளையில் வெளியே வந்ததைப் பார்த்து, கல்லாவில் நின்ற பெடியன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே யாரோ கலியாணம் நடத்துகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

கூப்பிட்டவரின் பெயர் நீக்கிலாப்பிள்ளை. மன்னார்ப் பக்கத்து மனிசன், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கதவைத் திறந்து எங்களைக் கண்டதும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் சொன்னது உங்களுக்கு?" என்றார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. நாங்களே விளங்கிக்கொண்டு வந்தனாங்கள்," என்றார் அத்தான்.

"அன்ரனெற்றின்ரை விசயம் இந்த வீட்டு வாசல் தாண்டேல்லையே. எப்பிடி விளங்கினது?"

"அன்ரனெற் ஆர்?" என்று அக்கா கேட்டாள்.

நீக்கிலாப்பிள்ளை எங்களை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினார். பிறகுதான் சொன்னார்.

அன்ரனெற் அவருடைய தங்கச்சியின் மகள். கடைசி நாட்களில் அவளும் ஜெயமலரும் பக்கத்துப் பக்கத்துப் பங்கரில் இருந்திருக்கிறார்கள். ஷெல் விழுந்து அன்ரனெற் செத்துப்போனாள். அவளின் நான்கு வயதுப் பெண்பிள்ளை மிஞ்சியது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனத்தோடு சனமாக வெளியே வந்த ஜெயமலர், பதிகிற இடத்தில் ஆமிக்காரர் பெயர் கேட்டபோது, 'அன்ரனெற், இது என்ரை மகள்' என்று சொல்லிவிட்டாள். அவளின் புருசனைப்போல இயக்கத்தில் வேலை பார்த்த ஆட்களின் குடும்பங்களைப் பெயர் சொல்லித் தேடிப் பிடித்து வேறாக்கிக்கொண்டிருந்தார்களாம். புருசன் எங்கே என்று அவளுக்கே தெரியாது. அவளோடு முகாமில் இருந்த அன்ரனெற்றின் தம்பி எப்படியோ வெளியே வந்து, சென்னையிலிருந்து இதை நீக்கிலாப்பிள்ளைக்குச் சொன்னான்.

"அப்ப மலர்..." என்று அத்தான் தொடங்கினார்.

"பேர் சொல்லாதேங்கோ! அந்தப் பேரை இனிச் சொல்லாதேங்கோ. இருக்கிறா. உசிரோடை இருக்கிறா. நீங்கள் என்னடா எண்டா ஒவ்வொரு நாளும் பேரும் ஊரும் புருசன்ரை உத்தியோகமும் சொல்லிக் கத்துறியள். உங்கடை குரல் இன்டர்நெற்றிலை கல்கரிக்குக் கேக்குது. கல்கரிக்குக் கேக்கிறது கொழும்புக்குக் கேக்காதோ?"

அத்தான் தன் வாயில் தானே ஒரு அடி அடித்தார். பகிடிக்கல்ல. உதடு வெடித்தது.

"நேரிலை வாங்கோ எண்டா, செத்திட்டாள் எண்டெல்லோ நினைச்சன் ஐயா."

"அப்பிடி நினைச்சதும் நல்லதுக்குத்தான். இதைப் போனிலை எப்பிடிச் சொல்லுறது? செத்திட்டா எண்டு நினைச்சதாலைதானே வாயை மூடிக்கொண்டு வந்தனீங்கள்."

அப்போதுதான் கவனித்தேன். அந்த ஹோலில் அன்ரனெற்றின் படம் இல்லை, மெழுகுதிரி இல்லை, ஒன்றுமில்லை. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பூசை ஒப்புக்குடுத்தனீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எப்பிடிக் குடுக்கிறது பிள்ளை? பேரைச் சொல்லித்தானே பூசை. அந்தப் பேர் அங்கை முகாமிலை வரிசையிலை நிண்டு சோறு வாங்குது."

அவர் மனிசி குசினி வாசலில் நின்றாள். எங்கள் நான்கு பேரின் வெள்ளை உடுப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "செத்தவீட்டுக்கு ஆக்கள் வந்திட்டினம்," என்று சொல்லி, அவ்வளவு நாளும் அழாத அழுகையை அன்றைக்குத்தான் அழுதாள். அக்கா அவளைக் கட்டிப் பிடித்து, பெயர் சொல்லாமல் ஒரு செபமாலை சொன்னாள். அத்தான் கைகட்டி நின்றார். தங்கச்சியின் சாவுக்கென்று கொண்டுவந்த வேட்டியை அவர் வேறொருவரின் மருமகளுக்காகக் கட்டி நின்றார். செத்தவளின் பெயரில்தான் தன் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தபிறகு சந்தோசப்படவும் முடியவில்லை. அவர் கால் பெருவிரல் மட்டும் கார்ப்பெட்டைக் கிண்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெயரைப் பயமில்லாமல் சொல்ல முடிந்த பிறகு, சில வருடம் கழித்து, அந்தப் பூசை கல்கரியில் நடந்தது. அதற்கு அத்தான் பிளேனில் போனார். ஏர்ஹொஸ்டஸ் பெல்ட் போடச் சொல்லிக் களைத்துப்போனாளாம்.

நாங்கள் கல்கரி வந்த அடுத்த நாளே ரொறன்ரோவுக்குத் திரும்பத்தான் அத்தான் நின்றார். அக்கா விடவில்லை.

"பான்ஃப் எண்டு சொல்லிப்போட்டு வந்தனாங்கள். பான்ஃப் படம் இல்லாமல் போனா ஆக்கள் எங்கை போனனீங்கள் எண்டு கேப்பினம்."

அதனால் மலையைப் பார்க்கப் போனோம். பச்சைத் தண்ணீர் ஏரிக்கு முன்னால் அத்தானை நிறுத்தி சுபாங்கி படம் எடுத்தாள். "சிரியுங்கோ அப்பா, யூ லுக் லைக் எ ஹொஸ்டேஜ்" என்றாள். எல்லாப் படத்திலும் அவர் பாதி வெளியே போய்க்கொண்டிருக்கிறார்.

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. அறிவித்தல் நின்றுவிட்டதே. கேட்ட சனமெல்லாம் கணக்குப் போட்டது. மரக்கறிக் கடையில் அகிலாண்டேஸ்வரி அன்ரி முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"தம்பி, றேடியோவிலை இப்ப உங்கடை குரலைக் காணேல்லை. அப்ப... தங்கச்சி?"

அத்தான் வாயைத் திறந்தார். உதட்டில் காயம் இன்னும் ஆறவில்லை. "கரடி பாத்தம் அன்ரி," என்றார்.

"என்ன?"

"சுப்பீரியர் ஏரியடியிலை. கறுத்தக் கரடி. மிளகாய்த்தூளுக்குள்ளை மூக்கை விட்டுத் தும்மினது பாருங்கோ..."

முழுக்கதையும் சொன்னார். அன்ரி கையை விட்டுவிட்டாள். அடுத்த கிழமைக்குள் ரூஜிலிருந்து அஜக்ஸ் வரை கதை போய்விட்டது. சண்டை முடிந்த வருடத்தில், கூடப்பிறந்தவள் என்ன ஆனாள் என்று தெரியாமல், குடும்பத்தோடு ஊர் சுற்றிக் கரடி பார்த்துவிட்டு வந்தவனாம். கோயிலில் ஒருவர், கிரியையையாவது செய்துவிடும்படி அவருக்குப் புத்தி சொன்னார். அவருக்கும் கரடிதான். என் ஆயுளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய புதினச் செய்தி, அதை ஒருவருக்கும் சொல்ல முடியாமல் ஊரார் என் அத்தானைப் பற்றிச் சொல்லும் பொய்க்கதையைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்காதீர்கள். இதில் உள்ள பெயர்களையும் அவ்வளவாக நம்பாதீர்கள்.

மார்கழியில் முகாமின் வாசலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேலே சோற்றுக்கு வந்திருந்தபோது போன் அடித்தது. அத்தான் நடந்துகொண்டே ஸ்பீக்கரை அழுத்தினார்.

"ஹலோ. சச்சி அண்ணையோ? நான் அன்ரனெற் கதைக்கிறன். கல்கரி மாமாதான் நம்பர் தந்தவர்."

சின்ன வயதிலிருந்து அவர் 'என்னடி, எடியே' என்று கூப்பிட்டவளின் குரல் அது. அத்தான் மரியாதை போட்டுக் கதைத்தார்.

"ஓம் அன்ரனெற், சொல்லுங்கோ. எப்பிடி... எப்பிடிச் சுகமா இருக்கிறீங்களோ?"

"இருக்கிறம் அண்ணை. மகளுக்குத்தான் கொஞ்சம் இருமல்."

"மருந்து குடுத்தனீங்களோ?"

"குடுத்தனான். நீங்கள் எல்லாரும் சுகமோ?"

"சுகம். இஞ்சை சரியான குளிர்."

போன் லைனில் இரைச்சல், வேறு யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. அவர் ஜன்னலுக்குப் போனார், குசினிக்கு வந்தார், ஜன்னலுக்குப் போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு அத்தான் கேட்டார்.

"மகள் பக்கத்திலை நிக்கிறாவோ? போனைக் குடுங்கோ. பிள்ளை, கரடி கண்டிருக்கிறீரோ நீர்?"

"இல்லை," என்றது ஒரு சின்னக் குரல்.

"நான் கண்டனான்."

"கரடி என்ன செய்தது?"

"என்ன செய்ததோ? இரும், காட்டுறன்," என்றார் அத்தான். போனைத் தரையில் வைத்தார். தானே போட்ட அந்தப் பாதைக்கு நடுவில் முழந்தாளும் கையுமாக விழுந்து, கார்ப்பெட்டில் மூக்கை விட்டு மணந்து, வவுனியாவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு தும்மல் தும்மினார்.